ஃபைபர் வந்தது, அலாரம் ஊமையானது

வாசகர் கேள்வி பதில்: பூட்டும் மணியும்

போன மாதம் பூட்டு வகைகளைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி பூட்டைப் பற்றியே இல்லை. அலாரம் வைத்திருக்கிறோம், லேண்ட்லைன் போய்விட்டது, இப்போது சிம் பெட்டி வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா என்பதுதான் கேள்வி. ஏணியும் டிரில்லிங் மெஷினுமாக 27 வருடம் இந்த வேலையில் அலைந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளம். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு அவரவர் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் பூர்வீக வீடு செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம். நாங்கள் சென்னையில் இருக்கிறோம், பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். 2013-ல் வீட்டுக்குத் திருட்டு அலாரம் வைத்தோம். ஆள் நுழைந்தால் ஹூட்டர் அடிக்கும், லேண்ட்லைன் வழியாக எங்கள் செல்லுக்கு அழைப்பு வரும். சென்ற வருடம் பழைய கம்பி லைனை எடுத்துவிட்டு ஃபைபர் கொடுத்தார்கள். போன மாதம் முன்னோருக்குப் படைப்பதற்காகப் போய்க் கதவைத் திறந்தபோது ஹூட்டர் அடித்தது. ஆனால் எந்தப் போனும் வரவில்லை. மெக்கானிக், சிம் போடுகிற பெட்டி ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார். அது என்ன செய்யும்? அவசியம் வேண்டுமா?
— வாசகி, சென்னை

பதில்: வேண்டும் ஆச்சி. ஆனால் அதை வாங்குவதற்கு முன் அன்றைக்குப் போன் ஏன் வரவில்லை என்று பார்த்துவிடுவோம். ஹூட்டர் அடித்தது என்கிறீர்கள், ஆக அலாரத்தின் மூளையான பேனல் பெட்டிக்குக் கரண்ட் இருந்திருக்கிறது. ஃபைபர் பெட்டிக்கு இருந்ததா? வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது மெயின் போர்டில் அலாரத்துக்குப் போகிற ஒரு எம்.சி.பி. சுவிட்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இறக்கிவிட்டுப் போவது உங்கள் பக்கத்து வழக்கம். ஃபைபர் பெட்டி முகப்பிலோ பட்டாலையிலோ ஏதோ ஒரு சாதாரண பிளக்கில் செருகியிருக்கும். அதுவும் சேர்ந்து அணைந்திருக்கும். இந்த ஒரே காரணத்துக்காக நான் ஏறி இறங்கிய வீடுகள் எத்தனையோ.

பழைய தாமிரக் கம்பியில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் வந்தது உங்கள் வீட்டுக் கரண்ட் இல்லை. தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து வரும் 48 வோல்ட். ஊரே இருட்டாகக் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டதே, அது இதனால்தான். அலாரம் பேனலும் அந்த வோல்ட்டேஜைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியே எவனாவது கட்டிங் பிளேயரால் கம்பியை நறுக்கினால் வோல்ட்டேஜ் விழும், ஒரு நிமிடம் போல் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கீபேடில் மஞ்சள் விளக்கைப் போடும். பேனலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, சரி. வெளியே சொல்ல வேறு வழி ஏது? பூட்டிய வீட்டுக்குள் எரிகிற மஞ்சள் விளக்கை யார் பார்ப்பது?

ஃபைபரில் அந்த மஞ்சள் விளக்குக்கும் உத்தரவாதம் இல்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. போன் ஒயரைச் செருகுகிற துளையில் இருக்கும் 48 வோல்ட்டை அந்தச் சின்னப் பெட்டியே உங்கள் வீட்டுக் கரண்ட்டிலிருந்து தயாரித்துக் கொடுக்கிறது. தெருவில் இழை அறுந்த பிறகும் பல பெட்டிகள் அதை நிறுத்துவதே இல்லை. ஒரு தடவை சந்தேகம் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். இழையைக் கழற்றி இடது கையில் வைத்திருக்கிறேன், மீட்டரோ 47.6 என்று காட்டுகிறது. பேனல் அந்த 47.6-ஐப் பார்த்து, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கம்பி அறுந்தால் கண்டுபிடிக்கத் தெரிந்த பேனலையே ஏமாற்றுகிற கம்பி இது.

இப்போது சிம் பெட்டிக்கு வருவோம். உங்கள் வீட்டில் இருப்பது போன்ற பழைய பேனலுக்கு ஏற்றது நடுவில் உட்காருகிற வகை. பேனலிலிருந்து போன் லைனுக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி இந்தப் பெட்டியில் ஏற்றுவோம். லேண்ட்லைன் பெட்டியின் மறுபக்கத்தில் ஏறும். லைன் உயிரோடு இருக்கும்வரை பெட்டி குறுக்கே வராது. லைன் விழுந்தால் உள்ளே ஒரு ரிலே 'டக்' என்று மாறும். அந்த நொடியிலிருந்து 48 வோல்ட்டையும் டயல் டோனையும் பேனலுக்குப் பெட்டியே கொடுக்கும். பேனல் எப்போதும் போல எண்ணை அழுத்தும், பெட்டி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு செல்போன் டவர் வழியாக அதே எண்ணை அழைக்கும். தன் பேச்சு கம்பியில் போகவில்லை, காற்றில் போகிறது என்பது பேனலுக்குக் கடைசிவரை தெரியாது.

இதில் ஒரு கண்ணி இருப்பதைக் கவனித்தீர்களா? லைன் விழுந்தால்தான் பெட்டி மாறும். உங்கள் ஃபைபர் பெட்டியோ லைன் செத்த பிறகும் 48 வோல்ட் காட்டக்கூடியது. அதனால் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்: சிம்தான் முதல் வழி, லேண்ட்லைன் வேண்டாம். பெட்டியில் லேண்ட்லைன் ஏறுகிற துளையைக் காலியாக விட்டுவிட்டாலே போதும், அது சிம்மில்தான் பேசும். இரண்டாவது வழியும் வேண்டும் என்றால், பிராட்பேண்டில் டேட்டாவாகவே செய்தி அனுப்பத் தெரிந்த பெட்டி வாங்கி, ஃபைபர் பெட்டிக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். போட வேண்டும். பூட்டியே கிடக்கிற வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

இதை விட மலிவான இன்னொரு வகை உண்டு. ஹூட்டருக்குப் போகிற 12 வோல்ட்டில் ஒரு ஒயரைத் தொட்டுவிடுவார்கள். ஹூட்டர் அடித்தால் பெட்டி போன் போடும், அவ்வளவுதான். கரண்ட் போய் இரண்டு நாளாயிற்று, பேட்டரி இறங்குகிறது, பேனல் மூடியை யாரோ திறக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அடுத்த வீட்டில் ஆள் இருக்கிற இடத்துக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கிற வீடு, பக்கத்து வீடும் பூட்டு, எதிர் வீடும் பூட்டு. உங்கள் ஹூட்டரை மயில்தான் கேட்கும். அதுவும் எத்தனை நேரம்? பெரும்பாலான பேனல்களில் ஹூட்டர் கால் மணி நேரம் போல் அடித்துவிட்டுத் தானே நின்றுவிடும்படி வைத்திருப்போம்.

பொருத்தும்போது மூன்று விஷயத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் வீட்டுச் சுவர் கனம் சாதாரணக் கனமில்லை. இரண்டாங்கட்டில் இருக்கிற பேனல் பெட்டிக்குள்ளேயே, அதுவும் தகரப் பெட்டிக்குள், ஆன்டெனாவைச் சுருட்டி வைத்தால் சிக்னல் நொண்டும். சிக்னலைப் பெட்டியே 0 முதல் 31 வரை ஒரு எண்ணாகச் சொல்லும். 10-க்குக் கீழே என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், 15 வந்தால் நிம்மதி. மூன்று மீட்டர் ஒயர் வைத்த ஆன்டெனாவாக வாங்கி, வளவு என்கிற முற்றத்துப் பக்கம் உத்தரத்துக்கு மேலே, தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சிங்கப்பூர் எண்கள். ப்ரீபெய்டு சிம்மில் ஐ.எஸ்.டி. திறந்திருக்க வேண்டும், இருப்பு வேண்டும், எண்ணை 65 சேர்த்துப் பதிய வேண்டும். அப்படியும் பிள்ளைகள் போனை எடுக்காமல் அது வாய்ஸ்மெயிலுக்குப் போனால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். எடுத்தவர் ஒரு எண்ணை அழுத்தினால்தான் அழைப்பை நிறுத்தும், இல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகும் என்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். முதல் எண் உள்ளூர் ஆளாக இருக்கட்டும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரோ பக்கத்துத் தெரு சொந்தமோ, பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்து நிற்கக்கூடியவர். சிங்கப்பூரிலிருந்து யாரும் டார்ச்சோடு வரப்போவதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். தினமும் காலையில் குறிப்பிட்ட நேரத்தில் பெட்டி உங்களுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும்படி வைக்கச் சொல்லுங்கள். 'கரண்ட் இருக்கிறது, பேட்டரி நலம், சிக்னல் 17' என்பது மாதிரி. ஒரு வாரம் கழித்து அந்தச் செய்தியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். பரவாயில்லை. வராத அன்றைக்குக் கவனித்தால் போதும். காலை ஏழு மணிச் செய்தி ஒன்பது மணிக்கும் வரவில்லையா, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போடுங்கள். சிம் போயிருக்கலாம், டவர் போயிருக்கலாம், பெட்டியையே யாராவது பிடுங்கியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் தெரிய வேண்டிய விஷயம்தானே.

வளவில் சென்சார் வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. மேலே திறந்த வளவுக்கு உடம்புச் சூட்டைப் பார்க்கிற சென்சார் ஆகாது. வௌவால் பறந்தால் அது உங்கள் பிள்ளைகளை நடு ராத்திரியில் எழுப்பும். மூன்று தடவை எழுப்பினால் நான்காம் தடவை அவர்கள் எடுக்க மாட்டார்கள். அங்கே கதவு திறந்தால் சொல்கிற மேக்னட் சென்சார் போதும்.

கேள்வி: கும்பகோணத்தில் அடகுக்கடை வைத்திருக்கிறோம். சிம் டயலர் வாங்கினோம். ஜியோ சிம் போட்டால் வேலை செய்யவில்லை, வேறு சிம் போட்டால் வேலை செய்கிறது. பெட்டி பழுதா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பழுதில்லை. நீங்கள் வாங்கியது 2ஜி பெட்டி. ஜியோ 2016-ல் ஆரம்பித்ததே 4ஜி-யில்தான். அவர்களிடம் 2ஜி டவரே கிடையாது. தெலுங்கு மட்டும் தெரிந்தவரிடம் தமிழில் வழி கேட்ட மாதிரி. ஏர்டெல், வி.ஐ. சிம்கள் 2ஜி இன்னும் ஓடுவதால் எடுக்கின்றன. இப்போதைக்கு ஓட்டுங்கள், ஆனால் அடுத்த பெட்டி வாங்கும்போது 4ஜி, அதிலும் 4ஜி-யிலேயே குரல் அழைப்பு பேசத் தெரிந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அட்டையில் 4ஜி என்று போட்டு, டேட்டாவுக்கு மட்டும் 4ஜி, அழைப்புக்கு 2ஜி-க்கு இறங்குகிற பெட்டிகளும் கடையில் இருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், அடகுக்கடை என்பதால். டெல்டாவில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். நான் அலாரம் போட்டுக் கொடுத்த கடை. தீபாவளிக்கு முந்தின வாரம் பின்பக்கச் சுவரைக் குடைந்து இரண்டு பேர் இறங்கினார்கள். மறுநாள் காலையில் போய்ப் பேனலின் பதிவை எடுத்துப் பார்த்தேன். 2.12-க்கு மூன்றாம் நம்பர் சென்சார், அதே நிமிடம் ஹூட்டர். 2.13-க்கு முதல் அழைப்பு, தோல்வி. 2.14, தோல்வி. 2.16, தோல்வி. இப்படி எட்டு தடவை. ஹூட்டர் அடித்தது உண்மை. தெருவில் படுத்திருந்தவர்கள் பட்டாசோடு பட்டாசாக அதையும் நினைத்துக்கொண்டார்கள். லாக்கரைத் திறக்க முடியாமல் வெளியே இருந்த வெள்ளிச் சாமானோடு போனார்கள், அந்த மட்டுக்கும் கடைக்காரர் அதிர்ஷ்டசாலி.

சிம்மைக் கழற்றி என் செல்லில் போட்டுப் பார்த்தேன். திட்டம் முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சிம் கடையின் பழைய கணக்குப்பிள்ளை பெயரில். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ரீசார்ஜ் நினைவூட்டல் எல்லாம் அவர் போனுக்குப் போயிருக்கிறது. அவர் அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? தப்பு என் மேல்தான். பெட்டியை மாட்டினேன், சோதித்தேன், பணத்தை வாங்கினேன், வந்துவிட்டேன். சிம்முக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. தினச் செய்தியும் வைக்கவில்லை. அந்தக் கடைக்காரர் என்னைத் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து பெட்டி மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் சிம் எண், யார் பெயரில் இருக்கிறது, ரீசார்ஜ் முடியும் தேதி மூன்றையும் எழுதிவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்குவேன். சிம் முதலாளி பெயரிலேயே இருக்கட்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்து இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே என்றால் எண்ணையே நிறுத்திவிட விதியில் இடம் இருக்கிறது. அலாரம் சிம் இயல்பிலேயே பேசாத சிம் என்பதை மறக்காதீர்கள். தினம் ஒரு எஸ்.எம்.எஸ். போனால் அந்தச் சிக்கலும் வராது. இன்னொரு நல்ல சேதி: குரலுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் கொடுத்தாக வேண்டும், அதன் காலத்தை 365 நாள்வரை நீட்டலாம் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியை மாற்றியது. டேட்டா தேவையில்லாத அலாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. வருடத்துக்கு ஒருமுறை, அட்சய திருதியை அன்றைக்கோ கடைப் பூசை அன்றைக்கோ, போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். வீட்டு அலாரத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறாள். 2022-ல் 3ஜி-யை மூடுகிறோம் என்று சொல்லி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியைக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். உண்மையா, வியாபாரமா? மாதப் பணம் எதற்கு?
— வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: உண்மைதான். அங்கத்திய செல்போன் நிறுவனங்களில் ஏ.டி. அண்ட் டி. தன் 3ஜி-யை 2022 பிப்ரவரி 22-ல் மூடியது, வெரைசன் அந்த வருடக் கடைசியில். அதற்கு முன்பே 2016 முடிந்ததோடு ஏ.டி. அண்ட் டி. 2ஜி போயிருந்தது. ஆக அங்கே ஆறு வருடத்துக்குள் இரண்டு தடவை பெட்டி மாற்றியவர்கள் உண்டு. இங்கே நடப்பது தலைகீழ். ஏர்டெல் 2020-லேயே 3ஜி-யை மூடிவிட்டது, அதைவிடக் கிழமான 2ஜி இன்னும் நடமாடுகிறது.

மாதப் பணம் கண்காணிப்பு மையத்துக்கு. இங்கே நம் பெட்டி நம் செல்லை அழைக்கிறது. அங்கே மையத்தில் இருபத்து நாலு மணி நேரமும் ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெட்டி அவரிடம் பேசுகிறது. வார்த்தையில் இல்லை, எண்ணில். போன் பட்டனை அழுத்தினால் வருமே, அதே 'பீப்' சத்தத்தில் 16 இலக்கம். இந்த முறைக்கு கான்டாக்ட் ஐ.டி. என்று பெயர். முதல் நான்கு உங்கள் மகள் வீட்டுக் கணக்கு எண். அப்புறம் இது கான்டாக்ட் ஐ.டி. என்று சொல்ல 18. அடுத்து 1 வந்தால் புதிதாக நடந்தது, 3 வந்தால் சரியாகிவிட்டது. பிறகு மூன்று இலக்கத்தில் என்ன நடந்தது: 130 என்றால் திருட்டு, 301 என்றால் கரண்ட் போச்சு, 302 பேட்டரி இறங்கிவிட்டது, 602 'ஒன்றுமில்லை, உயிரோடுதான் இருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிற வழக்கமான சோதனை. பிறகு வீட்டின் எந்தப் பகுதி, எந்தச் சென்சார், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். மையம் வாங்கிக்கொண்டேன் என்று பதில் ஒலி கொடுத்தால்தான் பேனல் போனை வைக்கும். சிம் பெட்டி இந்த 16 இலக்கத்தையும் பக்கத்திலேயே கேட்டு வாங்கி, பேனலுக்கு 'வாங்கிக்கொண்டேன்' ஒலியைத் தானே கொடுத்து, செய்தியை டேட்டாவாக மையத்துக்கு அனுப்பும்.

பெட்டியிடமிருந்து குறித்த நேரத்துக்குள் சத்தம் வராவிட்டால் மையமே அதை ஒரு சம்பவமாக எடுத்துக்கொள்ளும். சில திட்டத்தில் ஐந்து நிமிடம், சிலதில் ஒரு நாள். எத்தனை நிமிடம் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள், அங்கேதான் பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

ஒரு துணுக்கு: அலாரம் போன் கம்பியில் ஒண்டுக்குடித்தனம் இருந்த கதையைத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். ஆரம்பத்தில் அது நேர்மாறாக இருந்தது. 1877-ல் பாஸ்டனில் ஹோம்ஸ் அலாரம் நிறுவனம் வங்கிகளுக்கு இழுத்திருந்த திருட்டு அலாரக் கம்பியில் பகலில் தொலைபேசியைப் போட்டு இணைத்துப் பார்த்தார்கள். ராத்திரி அதே கம்பி பழையபடி அலாரத்துக்கு. அலாரத்தின் கம்பியில் போன்தான் முதலில் குடிவந்தது.

கேள்வி: திருடன் செல்போன் சிக்னலை முடக்குகிற ஜாமர் கொண்டுவந்தால் உங்கள் சிம் பெட்டி என்ன ஆகும்?
— வாசகர், ஓசூர்

பதில்: வாயடைத்துப் போகும். ஜாமரை அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், ஆனால் சுவரைக் குடைகிறவன் அதற்குப் பயப்படப் போவதில்லை. கொஞ்சம் நல்ல பெட்டிகள் டவர் திடீரென்று மறைந்து காற்றில் இரைச்சல் மட்டும் ஏறினால் அதை ஜாமர் என்று புரிந்துகொண்டு உள்ளூர் ஹூட்டரையாவது அடிக்கும். கம்பியும் சிம்மும் இரண்டும் இருந்தால் கம்பி பேசும். நகைக்கடைக்கு நான் இரண்டையும் வைக்கச் சொல்வது இதற்காக. மற்றபடி இத்தனை வருடத்தில் என் கைக்கு வந்த கடைகளில் ஜாமரால் ஊமையான சிம்மை நான் இன்னும் பார்க்கவில்லை. ரீசார்ஜ் செய்யாததால் ஊமையானதை எண்ணி மாளாது.

கேள்வி: கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? மீட்டரில் பேட்டரி 12.6 காட்டுகிறது, ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் சோதித்தால் போன் வருவதில்லை. கரண்ட் இருக்கும்போது வருகிறது.
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பேட்டரி செத்துவிட்டது. 12.6 என்பது சும்மா படுத்திருக்கும்போது காட்டுகிற எண். சிம் பெட்டி டவரைக் கூப்பிடுகிற நொடியில் மின்சாரத்தை வெடுக் வெடுக்கென்று இழுக்கும், அதே நேரம் ஹூட்டரும் இழுக்கிறது. கிழ பேட்டரி அந்த நொடியில் 9-க்கு விழுந்துவிடும், பெட்டி அணைந்து மறுபடி முதலிலிருந்து எழுந்திருக்கும், டவரைத் தேடும், கூப்பிடும், மறுபடி விழும். ராத்திரி முழுக்க இதையே செய்துகொண்டிருக்கும். மீட்டரை மாட்டியபடியே ஹூட்டரை அடிக்கவிட்டுப் பாருங்கள், முள் விழுவது கண்ணுக்குத் தெரியும்.

நேரக் கணக்கு சுலபம். வழக்கமான பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. பேனல், ஐந்தாறு சென்சார், சிம் பெட்டி எல்லாம் சேர்ந்து கால் ஆம்பியர் இழுத்தால் ஏட்டில் 28 மணி. நிஜத்தில் 20 வந்தால் சந்தோஷப்படுங்கள். நம் வெயிலில், அதுவும் தகரப் பெட்டிக்குள், மூன்று வருடத்துக்கு மேல் அந்த பேட்டரியை நான் நம்புவதில்லை. மாற்றும் தேதியை பேட்டரி மேலேயே எழுதிவையுங்கள்.

கேள்வி: டயலரில் முதல் எண்ணாக 100 போட்டுவிடலாமா?
— வாசகி, நாமக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. பல்லி சென்சார் மேல் ஏறினாலும் கட்டுப்பாட்டு அறைக்கு உங்கள் பதிவுக் குரல் போகும். அவர்கள் எதிர்க் கேள்வி கேட்டால் பெட்டி பதில் சொல்லாது, அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். பெட்டி உங்களைக் கூப்பிடட்டும், நீங்கள் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு 100-க்கோ 112-க்கோ உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்கள் ஊர் காவல் நிலைய எண்ணையும் போனில் வைத்திருங்கள். பெட்டியின் சிம் எண்ணை 'வீட்டு அலாரம்' என்று பெயர் போட்டுச் சேமியுங்கள். இல்லாவிட்டால் தெரியாத எண் என்று உங்கள் போனே அதைத் தடுத்து வைத்துவிடும்.

கேள்வி: இவ்வளவு எதற்கு, ஒரு நாய் வளர்த்தால் போதாதா?
— வாசகர், பல்லடம்

பதில்: தாராளமாக. பூட்டிய வீட்டில் அதற்கு யார் சோறு வைப்பது என்று முடிவானதும் எழுதுங்கள்.

மன்னார்குடியிலிருந்து பேனலின் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பிய வாசகருக்கு: சிவப்பு ஒயர் இரண்டு ஒரே திருகில் ஏறியிருக்கிறது. அடுத்த இதழில் விவரமாக எழுதுகிறேன். அதுவரை தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், மூடியை மூடி வையுங்கள்.